ஒன்றரைப் பவுண் நிறைக்கு ஓர் அனுமதி: வான்வெளிக்கும் வானலைக்கும் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

மட்டக்களப்புக் கல்லடியில் ஃபோன் திருத்துகிற சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். கடை பூட்டிய பிறகு, இரவு ஒன்பது மணிக்கு மேல், இரண்டு பொடியன்கள் வந்து உட்காருவார்கள், ஒருவன் காத்தான்குடி, மற்றவன் பெரியகல்லாறு. சனிக்கிழமைகளில் கல்முனையிலிருந்து ஒரு காக்கா வருவார், முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவரிடம் அமெச்சூர் வானொலி உரிமம் இருக்கிறது, எங்கள் நால்வரில் வானலையில் சட்டப்படி வாய் திறக்கக்கூடியவர் அவர் மட்டும்தான். நாங்கள் நால்வரும் ஒன்றரை வருடமாக ஒரு சாமான் செய்து முடித்திருக்கிறோம். பலூனில் கட்டி உயரத்துக்கு அனுப்பினால் தான் எங்கே நிற்கிறேன் என்று தானே சொல்லிக்கொண்டு போகும் கருவி அது. நிறை 12 கிராம். நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம், கடைக்காரர் என்ன சாமான் என்று விளங்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கம் என்றால் ஒன்றரைப் பவுண்.

இதைப் பறக்கவிட யாரிடம் அனுமதி கேட்பது? இந்த மடலில் இருப்பது இந்த ஒரு கேள்விதான்.

கேட்காமல் எழுதவில்லை. கேட்டோம். ஒரு கந்தோரில் இது வானலைச் சங்கதி, அங்கே போங்கள் என்றார்கள். அங்கே போனால் இது ஆகாயச் சங்கதி, இங்கே வந்திருக்கவே தேவையில்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு ட்ரோன் படிவத்தை எடுத்துத் தந்தார், எத்தனை காற்றாடி, எவ்வளவு வேகம், ஓட்டுபவர் யார் என்று அதில் கேட்டிருந்தது. எங்களுடையதற்குக் காற்றாடி இல்லை, வேகம் காற்றின் வேகம், ஓட்டுபவர் ஆண்டவன். அப்படியே எழுதிக் கொடுக்கலாமா என்று காக்கா கேட்டார், நான்தான் வேண்டாம் என்று இழுத்துக்கொண்டு வந்தேன். எந்தக் கந்தோர் என்று சொல்லப்போவதில்லை, அந்த மேசைகளில் இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களிடம் இதற்கு ஒரு கடுதாசி இல்லை, அவ்வளவுதான்.

சரி, சாமான் என்னவென்று சொல்லிவிடுகிறேன், தெரியாமல் எப்படி அனுமதி தருவீர்கள்.

வழமையான மின்சுற்றுப் பலகை 1.6 மில்லிமீற்றர் தடிப்பு. நாங்கள் 0.6 மில்லிமீற்றரில் செய்வித்தோம். அதன் மேல் மூன்றே மூன்று முக்கியமான சில்லுகள்: ஆர்டுயினோ என்ற, பழகுபவர்கள் பாவிக்கும் மின்பலகையில் இருக்கிற அதே சின்ன மூளை, ஒரு ஜி.பி.எஸ்., அலையை உருவாக்கும் எஸ்.ஐ. 5351 என்ற சில்லு. பற்றரி கிடையாது, மேலே இருக்கிற குளிரில் பற்றரி செத்துவிடும், நிறையும் கூட. அதற்குப் பதிலாக உடைந்த சோலார் செல் துண்டுகள், ஒவ்வொன்றும் அரை வோல்ற்று, தொடராக ஒட்டியது. அப்பளத்தைவிட மெல்லியது என்பதால் பற்றவைக்கும்போதே உடையும், எத்தனை உடைந்தது என்று எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். வெயில் பட்டால் கருவி விழிக்கும், பொழுது பட்டால் தூங்கிவிடும். அன்ரெனா பழைய ட்ரான்ஸ்ஃபோமரில் இருந்து கழற்றிய எனாமல் கம்பி, தலைமயிர் மாதிரி, மேலே ஐந்து மீற்றர் கீழே ஐந்து மீற்றர்.

இது அனுப்புவது 14 மெகாஹேட்ஸ் அமெச்சூர் அலைவரிசையில், விஸ்பர் என்ற முறையில். பேருக்கேற்ற மாதிரி கிசுகிசுப்புத்தான். 10 மில்லிவாற்றில், 6 ஹேட்ஸ் அகலத்துக்குள், ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கக் கிட்டத்தட்ட 111 விநாடி எடுத்துக்கொள்ளும். செய்தியில் இருப்பது உரிமக்காரரின் அழைப்புக் குறி, உலகப் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்ததில் கருவி இருக்கும் கட்டம், அனுப்பும் வலு. எங்கள் மட்டக்களப்பு 'என் ஜே 07' என்ற கட்டத்தில் வரும், கொழும்பு 'எம் ஜே 96'. எண்பதாம் பாகைத் தீர்க்கரேகை இடையில் ஓடுவதால் முதல் எழுத்தே மாறிவிடுகிறது. பழைய ஜி.எஸ்.எம். ஃபோன் ஒன்று உச்சத்தில் 2 வாற்று அனுப்பும், அதாவது எங்களுடையதைப்போல் இருநூறு மடங்கு, அப்படியான ஃபோன்கள் என் கடை லாச்சிக்குள் இருபது கிடக்கின்றன. ஆனால் இந்தக் கிசுகிசுப்புத்தான் ஒரு பின்னேரம் இரண்டு தென்னைக்கு நடுவில் கம்பி கட்டிப் பார்த்தபோது அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் கேட்டது, 5,000 கிலோமீற்றருக்கும் அப்பால். கேட்டவர்கள் இணையத்தில் பதிய, காக்காவின் அழைப்புக் குறி எங்கள் திரையில் விழுந்ததும் பெரியகல்லாற்றுப் பொடியன் கதிரையைத் தட்டிவிட்டு எழும்பிய சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா கள்ளன் வந்துவிட்டான் என்று லைற்றைப் போட்டார்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. குளிரில் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். ஐஸ்கிரீம் கடைக் குளிர்பெட்டி தகரம், ஜி.பி.எஸ். உள்ளே வராது. மீன்வாடியில் ஒரு ரிஜிபோம் பெட்டி வாங்கி, ஐஸைத் துகளாக்கி உப்புப் போட்டுக் கலந்து, கருவியைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே வைத்தோம். பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு பாகை வரை இறங்கியது. இறங்க இறங்க அலைவரிசை மெல்ல மெல்ல நழுவியது, இரண்டு நிமிடத்துக்குள் நாலைந்து ஹேட்ஸ் நழுவினாலே மறுமுனையில் செய்தியைப் பிரிக்க முடியாது. காரணம் அலைவரிசைக்கு அளவு கொடுக்கும் இருபது ரூபாய்ப் பளிங்கு, கிறிஸ்டல் என்பார்கள். வெப்பநிலைக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வகைப் பளிங்கு ஒன்றை வரவழைத்துப் போட்டோம், விலை நாற்பது மடங்கு, அதற்குப் பிறகு அசையவில்லை. பலூன் மிதக்கும் 12 கிலோமீற்றர் உயரத்தில் இதைவிட இன்னும் முப்பது பாகையாவது குளிர் கூட, ஆனால் அதற்கு மட்டக்களப்பில் பெட்டி இல்லை.

ஜி.பி.எஸ்.ஸிலும் ஒரு பொறி இருக்கிறது. நாங்கள் போட்ட வகைச் சில்லு, வாங்கியபடியே விட்டால், 12,000 மீற்றருக்கு மேல் இடம் சொல்லாது. தரையில் நடப்பவனுக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கும். 'நீ ஆகாயத்தில் இருக்கிறாய்' என்று ஒரு கட்டளை அனுப்பி அதை மாற்ற வேண்டும், அப்போது 50 கிலோமீற்றர் வரை சொல்லும். இரவில் மின்சாரம் போனதும் அந்தக் கட்டளையை மறந்துவிடும் என்பதை நாங்கள் கண்டுபிடிக்க இரண்டு மாதம் போனது. இப்போது ஒவ்வொரு விடியலும் கருவி விழித்தவுடன் முதலில் அதையே சொல்லிக்கொள்கிறது, சுப்ரபாதம் மாதிரி.

இனி, மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று. போன வருடம் கல்லடிக் கடற்கரையில் பட்ட நூலில் கட்டி நூறு மீற்றருக்குக் கீழே சோதித்துக்கொண்டிருந்தோம், நூல் அறுந்துவிட்டது. பின்னேரக் கடற்காற்று, வாவியைத் தாண்டிக்கொண்டு போய்ப் படுவான்கரையில் ஒரு வயலில் விழுந்தது. கம்பி தொங்கும் சின்னப் பலகை, மேலே ஒரு சில்வர் பை. எங்கள் பகுதியில் அதைக் காண்பவர் என்ன நினைப்பார் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வயற்கார ஐயா தொடவில்லை, மாடுகளைத் தள்ளி விரட்டிவிட்டு அறிவித்தார், அவர் செய்ததுதான் சரி. நாங்கள் மூன்று மணித்தியாலம் வாங்கில் உட்கார்ந்து விளக்கம் சொன்னோம். பொடியன்களின் அம்மாமார் வந்து நின்ற கோலத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கம். கையில் ஒரு கடுதாசி இருந்திருந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும். இப்போது ஒவ்வொரு கருவியிலும் 'ஆபத்தில்லை, வானிலைப் பரிசோதனை' என்று மும்மொழியிலும் ஒட்டுகிறோம், அந்த லேபல் 0.3 கிராம், அதைக் குறைக்கப் போவதில்லை.

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. 2025 ஒக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு மேலே 36,000 அடியில் ஒரு பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடி உடைந்து விரிசல் விட்டது, பட்டது ஒரு வானிலை நிறுவனத்தின் பலூன், நிறை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இதை நீங்கள் எடுத்துக்காட்ட முதல் நானே எடுத்துக்காட்டுகிறேன். அது ஒரு கிலோ. எங்களுடையது பலூன், கம்பி எல்லாம் சேர்த்து நூறு கிராமுக்குள், உங்கள் ஓடுபாதையில் நடக்கிற காகம் இதைவிட மூன்று மடங்கு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் இரண்டாம் இணைப்பில் ஆளில்லாப் பலூன்களுக்கு ஏற்கெனவே வகை பிரித்திருக்கிறது: பொதுவாகச் சுமை 4 கிலோவுக்குக் குறைந்தால் இலேசானது, 4 இலிருந்து 6 வரை நடுத்தரம், அதற்கு மேல் பாரமானது. இலேசானது என்றால் கேட்காமல் விடலாம் என்று நான் வாதாடவில்லை. நாலு கிலோவுக்கே ஒரு வரி எழுதிவைத்திருக்கிறார்கள், 12 கிராமுக்கு நீங்களும் ஒரு வரி எழுதலாம் என்கிறேன்.

கடலுக்குள் போய்விடும், உங்களுக்கென்ன என்று சொல்லித் தப்பவும் நான் விரும்பவில்லை, ஏனென்றால் அது பொய். நாவலடியில் ஒரு மீனவ அண்ணன் சொன்னார், "கச்சான் அடிக்கக்குள்ள உட்டா நேரா ஆழ்கடல்தான்." கச்சான் என்றால் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. கீழே அவர் சொன்னது சரி. ஆனால் ஜூன் முதல் செப்ரெம்பர் வரை மேலே போகப் போகக் காற்று மாறிவிடும், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடும். அந்த வெப்பவலயக் கீழைத்தாரையைப் பற்றி இந்திய வானிலையாளர் கோட்டீஸ்வரம் 1958 இலேயே எழுதியிருக்கிறார். ஆகவே ஜூலையில் எங்கள் பலூன் கச்சானோடு கடலுக்குள் போய், உயர்ந்து, திரும்பி, எங்கள் தலைக்கு மேலாலேயே மேற்கே போகும், நாட்டைக் குறுக்கே கடந்து மாலைதீவுப் பக்கம். கட்டுநாயக்கவுக்கு இறங்கும் விமானங்கள் இருக்கிற வானம் அது. உங்களுக்குத் தெரியாமல் விடக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? வானிலிருந்து அலை அனுப்ப விடாத சில நாடுகளின் மேல் போகும்போது வாயை மூடிக்கொள்ள கருவிக்குள் எல்லைக்கோடு எழுதி வைத்திருக்கிறோம். நீங்கள் ஒரு பட்டியல் தந்தால் அதையும் எழுதிவிடுவோம், இரண்டு மணித்தியால வேலை.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2023 பெப்ரவரியில் அமெரிக்கா சீனப் பலூனைச் சுட்டு வீழ்த்திய சூட்டோடு சூடாக, இல்லினோய் ஆர்வலர்கள் விட்ட இதே மாதிரி ஒரு சின்னப் பலூன் அலாஸ்காப் பக்கம் கடைசியாகக் குரல் கொடுத்துவிட்டுக் காணாமல் போனது. அதற்கு அடுத்த நாள் கனடாவின் யூக்கோனுக்கு மேலே போர் விமானம் எதையோ ஏவுகணையால் சுட்டது. இரண்டும் ஒன்றுதானா என்று யாரும் உறுதிப்படுத்தவில்லை. ஆனாலும் காத்தான்குடிப் பொடியன் இந்தச் செய்தியை அச்சடித்துக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறான்.

இதால் என்ன பிரயோசனம் என்று ஒரு கந்தோரில் கேட்டார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, ஐயா. இரண்டு பொடியன்கள் அலை, காற்று, குளிர், நிறை எல்லாவற்றையும் கையால் படித்தார்கள். படித்த ஒருவன் இப்போது ஃபோன் போர்ட்டை என்னைவிட வடிவாகத் திருத்துகிறான், எனக்கு அதில் கொஞ்சம் பொறாமையும் இருக்கிறது.

எங்களுக்கு வேண்டியது சின்ன விசயம். நூறு கிராமுக்குக் குறைந்த பலூனுக்கு யார் பொறுப்பு என்று நீங்கள் இரண்டு பகுதியினரும் ஒருக்கா உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள், எந்த நேரத்தில் விடலாம், விடுவதற்கு எத்தனை நாள் முதல் யாருக்கு அறிவிப்பது என்று. காக்காவின் அழைப்புக் குறி தரையிலிருந்து அனுப்பலாம், பலூனிலிருந்து அனுப்பலாமா என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல் போதும். இல்லை என்றாலும் பரவாயில்லை, எழுத்தில் வரட்டும். தமிழில் வந்தால் நல்லது, அரசகரும மொழிதானே, படுவான்கரை ஐயாவும் வாசிப்பார்.

பலூன் அலுமாரியில் மடித்து இருக்கிறது. மேலே காற்றழுத்தம் ஐந்தில் ஒன்றாகக் குறையும் என்பதால் கீழே கால்வாசி அளவுக்குத்தான் ஹீலியம் நிரப்புவோம், பார்ப்பதற்குச் சோர்ந்துபோன பை மாதிரித்தான் கிளம்பும். விடுகிற அன்று உங்களில் ஒருவர் வந்து நின்றால் சந்தோசம். கல்லடிப் பாலம் தாண்டி யாரைக் கேட்டாலும் கடையைக் காட்டுவார்கள். தராசு நாங்கள் வைத்திருக்கிறோம், நம்பிக்கை இல்லாவிட்டால் உங்களுடையதைக் கொண்டுவாருங்கள். காற்று விழுந்திருக்கும் நேரம் விடியக்காலை ஐந்தரை, ஆகவே முதல்நாள் இரவே வந்து தங்கிவிடுவது நல்லது.

இப்படிக்கு,
கல்லடியில் ஃபோன் திருத்துகிற ஒருவன்,
இரண்டு பொடியன்கள், கல்முனைக் காக்கா