அம்மி பறக்கட்டும், அண்ணாச்சி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். காலையில் காப்பி ஆறுவதற்குள் உங்களிடமிருந்து 'பழமொழியின் உண்மைப் பொருள்' ஒன்று வந்து விழுந்துவிடுகிறது. உங்கள் தமிழ்ப் பற்றைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும், 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது தவறு, அம்மையும் பறக்கும் என்பதே சரி' என்று அனுப்பியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கயத்தாற்றுப் பக்கம் பிறந்த நீங்கள் இதை நம்பலாமா? மேற்கு மலையின் கணவாய்களுக்குள் நெருக்கிப் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றுதானே நமக்கு ஆடிக் காற்று. அதை நம்பித்தான் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றில் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்த எவனோ ஒருவன், அம்மியே பறக்கிறது என்று சொல்லியிருக்கிறான். மிகைதான். நடக்கக்கூடியதை மட்டும் சொல்வதற்கு வானிலை அறிக்கை இருக்கிறது, பழமொழி எதற்கு?

'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்பதையும் விட்டுவைக்கவில்லை நீங்கள். அது 'மண் குதிர்', அதாவது ஆற்றுக்குள் இருக்கும் மணல் திட்டாம். குதிர் என்றால் நெல் கொட்டி வைக்கும் கூடு, அண்ணாச்சி. 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று பிள்ளை உளறினானே, அவன் அப்பன் என்ன மணல் திட்டுக்குள்ளா ஒளிந்திருந்தான்? சுடாத மண்ணில் செய்த குதிரை தண்ணீரில் கரையும். இதில் திருத்துவதற்கு என்ன இருக்கிறது? கழுதையையும் கற்பூரத்தையும் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. கழுதை பாவம்.

சொல்லுக்குப் பூர்வீகம் பார்க்க வேண்டுமென்றால் நம் வீட்டு அடுக்களையிலேயே தொடங்கலாம். பழைய வீடுகளில் அடுக்களையை ஒட்டி ஓர் அங்கணம் இருக்கும். ஏனம் கழுவ ஒரு சிறிய தொட்டிபோல் தரையைத் தாழ்த்தி, சரிவு கொடுத்து, மூலையில் தண்ணீர் வெளியேற ஒரு துளை. பக்கத்தில் சாம்பலும் தேங்காய் நாரும். வள்ளுவர் அவையறிதல் அதிகாரத்தை இந்தச் சொல்லை வைத்துத்தான் முடிக்கிறார். 'அங்கணத்துள் உக்க அமிழ்தற்றால்' என்பது 720ஆவது குறள். நம்மவர் அல்லாத கூட்டத்தில் பேசுவது, கழுவுநீர் ஓடும் இடத்தில் அமிழ்தைக் கொட்டியது போல என்கிறார். வெளியூரில் இருந்து இந்தக் குறளைப் படிப்பவர்களுக்கு உரை வேண்டும். நம் ஆச்சிமாருக்கு வேண்டாம். அந்தத் துளையில் சோற்றுப் பருக்கை அடைத்துக்கொண்டால் குச்சி விட்டுக் குத்தியவர்கள் அவர்கள்.

'பையப் போ' என்கிறோமே, அதன் வயதையும் பாருங்கள். மதுரையில் தாம் தங்கியிருந்த மடத்துக்குச் சமணர்கள் தீ வைத்தபோது சம்பந்தர் பாடியது, 'பையவே சென்று பாண்டியற்காகவே' என்று முடிகிறது. ஏழாம் நூற்றாண்டுப் பாட்டு. வைத்த தீ பாண்டியனைப் போய்ச் சேரட்டும், ஆனால் மெல்லப் போய்ச் சேரட்டும் என்பது வேண்டுதல். பாண்டியன் சாகவில்லை, வெப்புநோய் கண்டு பிழைத்தான் என்கிறது பெரியபுராணம். ஒரு ராஜாவின் உயிரைக் காத்த சொல்லை நாம் பஸ் படிக்கட்டில் இறங்கும் பாட்டிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இது அம்மை பறப்பதைவிடப் பெரிய அதிசயம்.

எல்லாச் சொல்லும் இங்கேயே முளைத்தது என்று சொல்ல வரவில்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள 'என்ன வெஞ்சனம்?' என்று கேட்கிறோமே, அது வடமொழி வியஞ்சனம். அங்கே மெய்யெழுத்துக்கும் அதே பெயர்தான். சாவியும் ஜன்னலும் அலமாரியும் போர்ச்சுக்கீசியர் விட்டுப்போனவை; கடுதாசியும் அப்படியே. 'திருநெல்வேலிக்கே அல்வாவா' என்று மார்தட்டுகிறோம், அல்வா அரபுச் சொல். துட்டு மட்டும் டச்சுக்காரர்கள் கொடுத்தது. 1658இல் அவர்கள் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். 1825இல்தான் கடைசியாக ஆங்கிலேயரிடம் விட்டுப் போனார்கள். அவர்களுடைய சிறு செப்புக்காசின் பெயர் டொயிட். 1986 வரை தூத்துக்குடியும் நம் திருநெல்வேலி மாவட்டம்தானே, உள்ளூர்ச் சரக்கு என்றே வைத்துக்கொள்ளலாம். கையில் துட்டில்லை என்று புலம்பும்போது டச்சு பேசுகிறோம் என்று யாருக்குத் தோன்றும்!

உங்களிடம் எனக்கு வேண்டியது ஒன்று உண்டு. நெல் கொட்டும் குதிர் என்பதை நம் பக்கம் குலுக்கை என்போம். உங்கள் பூர்வீக வீட்டில் ஒன்று இருந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதன் அடியில் தானியம் எடுப்பதற்கு வைத்து, துணியால் அடைத்திருக்கும் அந்தத் துளைக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் சொல்வார்கள்? பெரியம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். நாளைக் காலைப் பழமொழிக்குப் பதிலாக அதையே அனுப்பினாலும் சரி.

அன்புடன்,
உங்கள் தம்பி