தொடை எலும்பு முறிந்தால் மூச்சையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விபத்துச் செய்திகளில் 'கால் முறிவு, உயிருக்கு ஆபத்தில்லை' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள், ஆனால் தொடை எலும்போ இடுப்பெலும்போ முறிந்தவரைப் பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் கொழுப்பு எம்பாலிசம் தாக்குகிறது. எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலின் நுண்குழாய்களை அடைத்துவிடும். அரிதுதான், ஆனாலும் உயிரைப் பறிக்கக்கூடியது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென மூச்சு வாங்கினால், சம்பந்தமில்லாமல் உளறினால், கழுத்திலும் அக்குளிலும் குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், வலி மருந்தின் மயக்கம் என்று விட்டுவிடாமல் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். புள்ளிகள் எல்லோருக்கும் வராது, அதற்காகக் காத்திருக்கக் கூடாது. இதற்கென்று தனி மருந்து கிடையாது. ஆக்சிஜன், தேவைப்பட்டால் வென்டிலேட்டர், அவ்வளவுதான். அப்புறம், முறிந்த காலை அசையாமல் கட்டித் தூக்குவதும் எலும்பைச் சீக்கிரம் பொருத்துவதும் ஆபத்தைக் குறைக்கும். இதையும் இரண்டு வரி போடுங்கள்.

- ஒரு வாசகர்