மதிலுக்கு வெளியே ஒரு மெழுகுவத்தி

சேசு மரி சூசை

தேவகோட்டை,
டிசம்பர் 28

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னர் வந்து சேர்ந்தது. அன்றிரவே பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. இன்று மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். காலைப் பூசையில், ஏரோதின் ஆட்கள் வெட்டிப்போட்ட பெத்லகேம் பிள்ளைகளைப் பற்றிய வாசகம் படிக்கப்பட்டபோது, உங்கள் பேத்தியின் நினைவை விட்டு என் மனம் விலகவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் காப்பியைக்கூடக் குடிக்காமல் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான்கு நாள் மட்டுமே இந்த உலகத்தில் இருந்த பிள்ளை. அவளை வைத்திருந்த இங்குபேட்டரின் கண்ணாடிக்கு வெளியே நீங்கள் நின்றதையும், உங்கள் சபை ஐயரை அழைத்துவந்து ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று நீங்கள் கேட்டதையும், மருமகள் "வேண்டாம் மாமா" என்று ஒரே சொல்லில் மறுத்ததையும், மகன் இருவருக்கும் நடுவில் வாய் திறவாமல் நின்றதையும் எழுதியிருக்கிறீர்கள். அதன்பின் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை என்றும், இரவில் நான் தங்கச்சி என்று அழைக்கும் உங்கள் மனைவி எழுந்து உட்கார்ந்து, "அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கும்?" என்று கேட்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் உங்கள் புராட்டஸ்டண்டு சபையிலேயே எத்தனையோ போதகர்கள் இருக்க, இந்தக் கேள்வியைக் கத்தோலிக்கனான என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. இதில் மிகக் கடுமையான பதில் எங்கள் சபையிலிருந்துதான் வந்திருக்கும் என்று எண்ணி, அதையும் கேட்டுவிட நினைக்கிறீர்கள். நான் அறிந்ததை ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன்.

முதலில், ஐம்பது ஆண்டுப் பழக்கத்தில் உங்களிடம் நான் சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். என் அம்மாவை நீங்கள் அறிவீர்கள். விடுதியில் இருந்த நாள்களில் சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து அவர் கையால் கந்தரப்பம் வாங்கிச் சாப்பிட்டவர் நீங்கள். எனக்குப் பின் ஒரு தங்கை பிறந்தாள். 1958-ஆம் ஆண்டு, ஐப்பசி அடைமழையில், நடு இரவில் பிறந்து, விடியுமுன் போய்விட்டாள். அப்பா உபதேசியார். சாகக்கிடக்கும் பிள்ளைக்கு எப்படித் தண்ணீர் ஊற்றுவது, என்ன சொல்லி ஊற்றுவது என்று சுற்றுக் கிராமங்களில் எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தவர். அன்று இரவு அவர் வெளியூரில் இருந்தார். கண்மாய் உடைத்துக்கொண்டதால் வண்டி வரவில்லை. வீட்டில் அம்மாவும் மருத்துவச்சியும் மட்டுமே இருந்தார்கள். மருத்துவச்சி கிறிஸ்தவர் அல்லர். எங்கள் சட்டப்படி, தேவை நேரத்தில் அவரே தண்ணீர் ஊற்றி, "பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்லியிருந்தாலும் அது செல்லும். திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்து மட்டும் இருந்தால் போதும் என்று 1439-ஆம் ஆண்டு புளோரன்ஸில் கூடிய எங்கள் பொதுச்சங்கமே சொல்லியிருக்கிறது. (பரிசுத்த ஆவியை அப்போது நாங்கள் 'இஸ்பிரீத்து சாந்து' என்றுதான் சொல்வோம், உங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது நினைவிருக்கிறதா?) ஆனால் அம்மாவுக்கு அது தெரியாது. தலைமாட்டிலேயே செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது என்று அவர் பிற்காலத்தில் ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார்.

பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்க இடம் கிடைக்கவில்லை. மந்திரித்த மண் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டுமே என்பது அன்றைய வழக்கம். தெற்கு மதிலுக்கு வெளியே, பனைமரத்தடியில் புதைத்தார்கள். நவம்பர் 2-ஆம் தேதி, கல்லறைத் திருநாளன்று, ஊரே மெழுகுவத்தியும் பூவுமாய் உள்ளே நிற்கும்போது, அம்மா தாத்தாவின் கல்லறையில் நான்கு மெழுகுவத்தி ஏற்றுவார். ஐந்தாவது ஒன்றை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே போவார். பனையடியில் காற்று அதிகம். இரண்டு கையையும் குவித்து, அது உருகித் தீரும்வரை அங்கேயே குந்தியிருப்பார். மெழுகு விரலில் சொட்டினாலும் கையை எடுக்கமாட்டார். அப்பா மதிலுக்கு உள்ளே நின்றபடி பார்த்துக்கொண்டிருப்பார். அம்மாவிடம் போகவும் மாட்டார், வாவென்று கூப்பிடவும் மாட்டார். உபதேசம் அவரைக் கட்டிவைத்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தக் கட்டு எங்கிருந்து வந்தது என்று ஓய்வுபெற்ற பிறகு தேடித் தேடிப் படித்தேன். வேர் உங்களுக்கும் எனக்கும் பொதுவான வசனத்தில்தான் இருக்கிறது: "ஒருவன் ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிக்கமாட்டான்." பிள்ளைகளிடம் ஜென்மபாவம் இல்லை என்று பெலாஜியுஸ் என்ற துறவியின் பக்கத்தார் சொன்னபோது, ஹிப்போ நகர ஆயர் புனித அகுஸ்தினார் அதை எதிர்த்து, கிறிஸ்து இல்லாமல் மீட்பு எவருக்கும் இல்லை, பச்சைப்பிள்ளைக்கும் இல்லை என்று வாதிட்டார். 418-ஆம் ஆண்டு கார்த்தேஜில் கூடிய ஆயர்களும் அவர் வழியில் நின்றார்கள். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் பிள்ளைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் அது எல்லாத் தண்டனையிலும் மிக இலேசானது என்பது அவர் முடிவு. அதே அகுஸ்தினார், பிள்ளைகள் படும் தண்டனையைப் பற்றி எண்ணும்போது தாம் பெரும் நெருக்கடிக்குள்ளாவதாக வேதாகம அறிஞர் புனித எரோணிமுசுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு அவர்மேல் இருந்த கோபம் தணிந்துபோயிற்று. அவரும் பனையடியில் நின்றிருக்கிறார் என்று தோன்றியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அகுஸ்தினாரின் தாய் மோனிக்கம்மாள் ஆழ்ந்த விசுவாசி. மகன் சிறுவயதில் நோயுற்றுக் கிடந்தபோது ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு நடந்தது. அவன் பிழைத்துக்கொண்டதும் அது தள்ளிவைக்கப்பட்டது. 387-ஆம் ஆண்டு, முப்பது வயதைக் கடந்த பிறகே, மிலான் நகரில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்ட தாயை எங்கள் சபை புனிதை என்று பீடத்தில் வைத்திருக்கிறது. இதை எழுதும்போது உங்கள் மருமகளை நினைத்துக்கொள்கிறேன்.

மத்தியகாலத்து அறிஞர்களால் அந்தக் கடுமையைத் தாங்க முடியவில்லை. அவர்கள் கண்ட இடைவழிதான் லிம்போ. லத்தீனில் 'லிம்பஸ்' என்றால் ஆடையின் ஓரம், கரை. நம் கண்டாங்கிச் சேலையின் அகலக் கரையை நினைத்துக்கொள்ளுங்கள்: சேலையோடு சேர்ந்ததுதான், ஆனால் உடல் வேறு, கரை வேறு. வேதனையில்லாத அந்த ஓரத்தில் பிள்ளைகள் ஒருவகை இயல்பான மகிழ்ச்சியோடு இருப்பார்கள், ஆயினும் கடவுளை முகமுகமாய்க் காணமாட்டார்கள் என்று 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்கினார். பல நூற்றாண்டுகள் பள்ளிகளிலும் பிரசங்கங்களிலும் இதைச் சொல்லிக்கொடுத்தார்களே தவிர, விசுவாசக் கோட்பாடாகத் திருச்சபை இதை ஒருபோதும் அறிக்கையிட்டதில்லை. இது என் தாய்க்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

பிறகு மாற்றம் மெல்ல வந்தது. 1970-இல் வெளியான திருப்பலிப் புத்தகத்தில், ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த பிள்ளைக்கென்றே அடக்கத் திருப்பலி சேர்க்கப்பட்டது. 1992-ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல், கடவுள் மீட்பை ஞானஸ்நானத்தோடு பிணைத்திருக்கிறார், ஆனால் அவர் ஞானஸ்நானம் போன்ற தம் அருளடையாளங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்று சொல்லி, இத்தகைய பிள்ளைகளை அவருடைய இரக்கத்தில் ஒப்படைக்கிறது. சிறு பிள்ளைகளைத் தடைபண்ணாதிருங்கள் என்று சொன்ன இயேசுவின் பரிவையே அது சான்றாகக் காட்டுகிறது. 2007-ஆம் ஆண்டு, பதினாறாம் பெனடிக்ட் பாப்பரசரின் ஒப்புதலோடு, அனைத்துலக இறையியல் ஆணையம் இதற்கென்றே ஓர் ஆவணம் வெளியிட்டது. அந்தப் பிள்ளைகள் மீட்படைவார்கள் என்று எதிர்நோக்க வலுவான காரணங்கள் உண்டு என்கிறது அது. நிச்சயமாகத் தெரியும் என்று சொல்லவில்லை. அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன். அம்மா 1991-லேயே போய்விட்டார். ஆவணத்தைப் பற்றி அறிந்த நாளில் அவர் கல்லறைக்குப் போய், யாரும் இல்லாதபோது, வாய்விட்டுச் சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டு நூல்களிலும் இதற்கு விடை உண்டு. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்பதில் மார்ட்டின் லுத்தர் உறுதியானவர். ஆயினும் 1542-இல், பிரசவத்தில் பிள்ளையை இழந்த பெண்களுக்கு அவர் ஓர் ஆறுதல் நூல் எழுதினார். தாயின் ஏக்கத்தையும், சொல்லாய் வராத பெருமூச்சையும் கடவுள் ஜெபமாகவே ஏற்கிறார் என்பது அதன் சாரம். விசுவாசிகளின் பிள்ளைகள் உடன்படிக்கைக்குள்ளேயே பிறக்கிறார்கள் என்பதால், தண்ணீர் படுமுன் இறந்தால் பரலோகம் அடைபடும் என்ற எண்ணத்தைச் சீர்திருத்தவாதி கால்வின் மறுத்தார். "இப்பொழுதோ அவர்கள் பரிசுத்தமாயிருக்கிறார்கள்" என்று பவுல் பிள்ளைகளைப் பற்றி எழுதியதை ஆதாரமாக வைத்து, 1618-19-இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய கால்வின் வழிச் சபைகளின் சங்கம், சிறுவயதிலேயே இறைவன் எடுத்துக்கொள்ளும் தங்கள் பிள்ளைகளின் மீட்பைக் குறித்துத் தேவபக்தியுள்ள பெற்றோர் சந்தேகப்படலாகாது என்றது. உங்கள் ஆங்கிலிக்க முன்னோரின் 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம் மட்டும், ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கு அடக்க ஆராதனை வாசிக்கக்கூடாது என்று குறித்திருக்கிறது. எங்கள் தெற்கு மதிலைப் போன்ற ஒன்று அங்கும் இருந்திருக்கிறது.

இனி மருமகளைப் பற்றி. அவள் போகும் பெந்தெகொஸ்தே சபையில் ஞானஸ்நானம் என்பது விசுவாசித்தவன் தானே முன்வந்து எடுப்பது. பிள்ளைக்கு, கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்து ஜெபிக்கும் பிரதிஷ்டை மட்டுமே. நன்மை தீமை அறியும் வயதுக்கு முன் இறக்கும் பிள்ளை கர்த்தரிடமே போகிறது என்று அவர்கள் திடமாக நம்புகிறார்கள். தன் பிள்ளை இறந்தபோது தாவீது, "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை" என்று சொன்னது அவர்களுக்குப் பிரதானமான வசனம். அந்தப் பிள்ளையும் ஏழாம் நாளில் இறந்தது; அதைப் பிறந்த ஏழாம் நாளாகக் கொண்டால், விருத்தசேதனத்துக்குரிய எட்டாம் நாள் அதற்கு வரவே இல்லை. ஆகவே, அந்தக் கண்ணாடிக்கு முன் "வேண்டாம் மாமா" என்று அவள் சொன்னபோது, பிள்ளையின் ஆத்துமாவைப் பற்றிய அக்கறையின்மையால் சொல்லவில்லை. பிள்ளை ஏற்கெனவே கர்த்தரின் கையில் இருக்கிறது என்று நம்பித்தான் சொன்னாள். நீங்களும் அதே கர்த்தரை நம்பித்தான் ஐயரை அழைக்க நினைத்தீர்கள். "அன்றைக்கே தண்ணீர் ஊற்றியிருந்தால்" என்ற சொல் இதுவரை உங்கள் வாயிலிருந்து அவள் காதில் விழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், இனியும் விழ வேண்டாம். அந்தச் சொல்லை என் அப்பா அம்மாவிடம் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் சொல்லாமலேயே முப்பது ஆண்டுகள் அது எங்கள் வீட்டில் குடியிருந்தது.

அப்படியானால் ஞானஸ்நானம் எதற்கு என்று கேட்பீர்கள். அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். பிள்ளை பிறந்தால் எட்டாம் நாள்வரைகூடக் காத்திருக்க வேண்டாம் என்று 3-ஆம் நூற்றாண்டிலேயே கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் எழுதினார். நானும் அந்தப் பக்கந்தான். என் பேரப்பிள்ளைகள் மூவரையும் முதல் மாதத்திலேயே கோவிலுக்கு எடுத்துப்போனோம். ஆனால் தாயின் பால் பிள்ளைக்குக் கட்டாயம் என்பதற்காக, பால் சுரக்குமுன் இறந்த பிள்ளையைத் தாய் வெறுத்துவிட்டாள் என்று யாராவது சொல்வார்களா? பெத்லகேம் பிள்ளைகள் கிறிஸ்துவின் பெயரைக்கூட அறியாதவர்கள். எந்தத் தொட்டியிலும் கழுவப்படாதவர்கள். இன்று காலை அவர்களைப் புனிதர்கள் என்று பாடிவிட்டு வந்தோம். அவர்களை ஏற்றவர் உங்கள் பேத்தியை வாசலில் நிறுத்திவைப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. இது என் விசுவாசம். தங்கச்சியிடம் என் பெயரைச் சொல்லியே இதைச் சொல்லுங்கள்.

இவ்வாண்டு மழையில் கல்லறைத் தோட்டத்துத் தெற்கு மதில் ஏழெட்டு முழம் சரிந்துவிட்டது. திரும்ப எழுப்பும்போது பனையையும் உட்கொண்டு கட்டலாமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டிருக்கிறேன். மறுநாளே நூல் பிடித்துப் பார்க்க ஆள் அனுப்பினார். பொங்கல் கழிந்து வேலை தொடங்கும்.

கடிதத்தில் பிள்ளைக்கு என்ன பெயர் என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தீர்களா? இல்லையென்றால், அவள் மனதில் நினைத்து வைத்திருந்த பெயர் எது என்று மருமகளிடமே கேளுங்கள், நீங்களே கேட்கவேண்டும். நான் சொன்ன அந்தத் திருப்பலியில் மன்றாட்டுகள் பிள்ளைக்காக அல்ல, பெற்றோருக்கு ஆறுதல் வேண்டியே சொல்லப்படுகின்றன. அவளுக்குச் சம்மதமானால் இங்கே அந்தப் பூசையை ஒப்புக்கொடுக்கும்படி ஒரு பூசைக்கருத்து கொடுக்க ஆசைப்படுகிறேன். சம்மதமில்லையென்றால் கொடுக்கமாட்டேன், பெயரை மட்டும் எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய விடுதித் தோழன்