இரண்டு பூனைகள், இரண்டு தள்ளாட்டங்கள்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம். பாதிக் கடிதம் பூனைகளுக்கே போய்விட்டதால் பதிலும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

குட்டி நடக்கத் தொடங்கியதிலிருந்தே கால்களை அகட்டி ஆடியாடித்தான் நடக்கிறது, தட்டை நெருங்கினால் தலை நடுங்குகிறது, தூங்கும்போது நடுக்கமே இல்லை என்கிறாய். உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமூளை முழுதாக வளராத குட்டிகள் இப்படித்தான் இருக்கும். பெரும்பாலும் தாய் சினையாக இருக்கும்போது பன்லுக்கோபீனியா என்ற பூனை வைரஸ் தொற்றியதால் வருவது. மருத்துவர் பார்த்து இதுதான் என்று உறுதிசெய்துவிட்டால் பெரிதாகக் கவலைப்படாதே. வலி கிடையாது, நாளாக ஆக மோசமாவதும் இல்லை. மற்றப் பூனைகளைப் போலவே ஆயுசு உண்டு. வழுக்கும் தரையில் விரிப்புப் போடு, உயரத்தில் ஏறவிடாதே. அது பாட்டுக்கு விழும், எழும், மறுபடி உன் காலைக் கடிக்க வரும்.

எனக்குக் கவலை பெரிய பூனையைப் பற்றித்தான். "அதுவும் இப்போதெல்லாம் தாவும்போது தவறுகிறது, குட்டியைப் பார்த்துப் பழகிவிட்டது போல" என்று ஒரே வரியில் சிரித்துவிட்டுப் போய்விட்டாய். இத்தனை வருஷம் குறி தவறாமல் தாவிய பூனை திடீரென்று தவறினால் ஏதோ காரணம் இருக்கும். மூட்டு தேய்ந்திருக்கலாம். இரத்த அழுத்தம் கூடிப் பார்வையே போயிருக்கலாம். வயதான பூனைகளுக்கு இது நடக்கிறது. பின்னங்கால் குதிகால் தரையில் படும்படி நடக்கிறதா, தண்ணீர் நிறையக் குடிக்கிறதா, பார். அப்படியானால் சர்க்கரை நோயாக இருக்கலாம். தலை ஒரு பக்கம் சாய்ந்து, கருவிழி இங்குமங்கும் ஓடினால் கோளாறு உள்காதில் இருக்கக்கூடும். அப்புறம், நாய்க்கு வாங்கிய தெள்ளுப்பூச்சி மருந்தை இதற்கும் தடவினாயா? அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு விஷம், காத்திருக்காமல் கூட்டிப்போ.

பின்னங்கால்கள் சட்டென்று இழுத்துக்கொண்டு, பாதம் சில்லிட்டு, பூனை வலியில் கத்தினாலும் அப்படித்தான். இதயத்தில் உண்டான இரத்தக்கட்டி காலுக்குப் போகும் குழாயை அடைத்திருக்கலாம். விடியட்டும் என்று இருந்துவிடாதே.

இரண்டும் நடப்பதைக் கைப்பேசியில் வீடியோ எடுத்து வைத்துக்கொள். மருத்துவர் மேசையில் பூனை ஓர் அடி எடுத்து வைக்காது, கல் மாதிரி உட்கார்ந்துவிடும்.

இங்கே எல்லாரும் நலம். என் முழங்கால்தான் பழையபடி படுத்துகிறது, அதை அடுத்த கடிதத்தில் புலம்புகிறேன். முதலில் பெரியதைக் காட்டிவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்