செயலாளரின் ஆண்டறிக்கை: சகோதரி சுப்புலட்சுமியைப் படித்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் பணிவான வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, ஓய்வுபெற்ற ஆசிரியைகளாகிய நாம் இவ்வாண்டின் மாதக் கூட்டங்களைச் சகோதரி சுப்புலட்சுமியின் வாழ்வையும் பணியையும் படிப்பதற்கே ஒதுக்கினோம். இளம் விதவைகளுக்கு அடைக்கலம் தந்தவர் என்றே பலரும் அவரை அறிவர். ஆசிரியைகளை உருவாக்கிய கல்லூரித் தலைவர் என்று அறிந்தவர் குறைவு. அக்குறை நம்மிடமும் இருந்தது.

1886-இல் மயிலாப்பூரில் பிறந்து, பதினோரு வயதில் மணமாகி, சிறிது காலத்திலேயே கணவரை இழந்த மகளைப் பெற்றோர் மூலையில் உட்கார்த்தி வைக்காமல் படிக்க வைத்தார்கள். 1911-இல் மாநிலக் கல்லூரியில் தேறி, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரியான அவர், விதவையான தம் சித்தியின் துணையோடு, எழும்பூரில் நான்கு சிறுமிகளை வைத்துக்கொண்டு இல்லத்தைத் தொடங்கினார். பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமானால் ஆசிரியை வேண்டும். மணமான பெண்களை வீடு விடாது. எனவே வீடு ஒதுக்கிய விதவையே வகுப்பறைக்கு வர முடிந்தது. கல்வித்துறை ஆய்வாளரான கிறிஸ்டினா லிஞ்ச் அம்மையாரும் இதை உணர்ந்தே அரசின் ஆதரவைப் பெற்றுத் தந்தார் என்பது நம் கருத்து.

அவ்வில்லம் பின்னர் இடம்பெயர்ந்த ஐஸ் ஹவுஸை, இன்றைய விவேகானந்தர் இல்லத்தை, உறுப்பினர்கள் நேரில் கண்டோம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க எழுப்பிய அந்த வளைந்த சுவர்களுக்குள், தலை மழித்த சிறுமிகள் பாடம் படித்தார்கள் என்பதை நினைத்து வெகுநேரம் நின்றோம். பிராமண விதவைகளை மட்டுமே சேர்த்து, ஆசாரம் காத்து நடத்தினால்தான் குடும்பத்தார் பெண்ணை அனுப்புவர் என்பது அந்நாளைய நிலை. எனினும் பிற சாதிப் பெண்களுக்கு அக்கதவு திறக்கவில்லை என்பதையும் நம் குறிப்பேட்டில் பதிந்துள்ளோம்.

1922-இல் தோன்றிய லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கும் அதன் மாதிரிப் பள்ளிக்கும் அவரே முதல் தலைவரானார். பிற்காலத்தில் அங்குப் பயின்ற நம் மூத்த உறுப்பினர் ஒருவர், தாம் பாதுகாத்த பாடக்குறிப்பேட்டைக் கூட்டத்தில் காட்டினார். இடது ஓரத்தில் நிமிடக் கணக்கும், நடுவில் கேட்க வேண்டிய வினாக்களும், அருகே சிவப்பு மையில் திருத்தங்களும் இருந்தன. "கரும்பலகையை மறைத்து நிற்காதே" என்ற வரியைப் படித்ததும் அனைவருக்கும் நம் பயிற்சிக் காலம் நினைவுக்கு வந்தது.

அரசுப் பணி முடிந்த பின்னும் அவர் ஓயவில்லை. 1956-இல் மயிலாப்பூரில் வித்யா மந்திர் பள்ளி தோன்றக் காரணமானார்; 1958-இல் பத்மஸ்ரீ பெற்றார்; 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசியன்று மறைந்தார்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பழைய பாடக்குறிப்பேடுகளையும் பயிற்சிக்காலப் புகைப்படங்களையும் வைத்திருப்போர் அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவருமாறு வேண்டுகிறேன். நகல் எடுத்தபின் அவை உரியவரிடமே திருப்பித் தரப்படும்.

செயலாளர்