என்ன விலைக்குப் போகும்?

அன்புள்ள கண்ணா,

வாய்வழியே வெடிமருந்து இடும் நம் துப்பாக்கியின் படமும், "அப்பா, இது என்ன விலைக்குப் போகும்?" என்ற ஒரு வரியும் வந்தன. வேறு ஒன்றும் எழுதவில்லை நீ. சரி, கேட்டதற்குச் சொல்கிறேன்.

முதலில் அது காலிதானா என்று பார். மருந்தை இடிக்கும் கம்பியான ராம்ராடைப் பாரலுக்குள் கடைசிவரை விட்டு, குழல் வாயருகே விரலால் பிடித்து வெளியே எடு. பிடித்த இடம் வாயோடு சேர பாரலின் மேல் வைத்துப் பார்த்தால், பொறி மூடி மாட்டும் நிப்பிள் வரை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் உள்ளே பழைய மருந்தும் குண்டும் கிடக்கின்றன. ஆயிரம் தடவை சொன்னதுதான், இன்னும் சொல்வேன்.

விலை பாரலின் உள்பக்கத்தில்தான் இருக்கிறது. கரிமருந்துக் கசடு ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவாவிட்டால் துரு குழி பறித்துவிடும். எண்ணெய்த் துணியை இறுக்கமாக உள்ளே தள்ளிப் பார். ஒரே சீராகப் போனால் நல்லது, நடுவில் சொரசொரவென்று பிடித்தால் விலை விழும். நம்முடையதில் பிடிக்காது. ஷெனண்டோவா கோட்டையில் துப்பாக்கி சுடும் போட்டி முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனாலும் நீ கழுவி முடித்துத்தான் வருவாய். அந்தப் பொறுப்பு உன்னிடம் எப்போதும் உண்டு. வீட்டுக்கு ஒரு போன் போடுவதில்தான் அதைக் காணோம்.

அப்புறம் ஹேமரைப் பாதி இழுத்து நிறுத்தி டிரிகரை அழுத்து. விழக் கூடாது. கட்டை ஒடுங்கும் இடத்தில் விரிசல் இருக்கிறதா, திருகுத் தலைகள் சிதைந்திருக்கின்றனவா என்று பார்.

1853 என்ஃபீல்டின் நகலைச் செய்த இங்கிலாந்துக் கம்பெனி பார்க்கர்-ஹேலின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. பிற்காலத்தில் அதே பெயரில் இத்தாலியில் செய்தவையும் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காமில் பாரலைச் சோதித்துக் குத்திய முத்திரை உள்ளதற்குத்தான் கூடுதல் விலை. நம்முடையது பர்மிங்காம். முத்திரையை அராவி எடுத்தால் அசல் 1853 என்ஃபீல்டு போலவே இருக்கும் என்று யாராவது சொல்வான். அமெரிக்க உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டுகிறவர்களுக்கு அது பிடிக்கும். பார்க்கர்-ஹேல் தேடி வருகிறவன் தொடவே மாட்டான். அராவ விடாதே. கேட்கிற விலையை நம்பாதே, ஏலத்தில் விற்று முடிந்த விலையைப் பார்.

1857இல் சிப்பாய்கள் கடிக்க மறுத்த தோட்டா இந்த ரகத்துக்கானது என்று பள்ளியில் நீ பேசியதை அம்மா இன்னும் எல்லோரிடமும் சொல்கிறாள்.

முன்பெல்லாம் பகலில் கூப்பிட்டால் மீட்டிங் என்பாய். இப்போது முதல் மணியிலேயே எடுக்கிறாய். எடுத்துவிட்டு ஒன்றும் பேசுவதில்லை. வீடு மாறப் போவதாகச் சொன்ன பேச்சையும் காணோம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஹேமரைப் பாதி இழுத்துப் பார்க்க மறக்காதே. காலியா என்று முதலில் பார்த்துவிட்டு.

விற்கத்தான் வேண்டுமென்றால் வெளியாளிடம் போகாதே. நானே வாங்கிக்கொள்கிறேன். விலையை நீ சொல், கூச்சப்படாமல் அதிகமாகவே சொல். பணத்தை நாளைக்கே அனுப்புகிறேன், துப்பாக்கியை நீ வரும்போது கொண்டுவந்தால் போதும். அம்மா அனுப்பிய சாம்பார் பொடி வந்ததா என்று அவளுக்குச் சொல்.

அப்பா