கண்மாய்க் கரையில் பேசாமல் நடக்கலாமே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் காரைக்குடிக்காரன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை போகும் வண்டியில் பல வருஷம் ஓடியிருக்கிறேன். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அந்தப் பக்கம்தான். வேலையில் இருந்தவரை ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. இப்போது மார்கழி, தையில் ஞாயிறுதோறும் நாங்கள் ஏழெட்டுப் பேர் விடியும்போதே போய், கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்க் கரையில் நடக்கிறோம். எங்களுக்குள் ஒரே ஏற்பாடு: கரை ஏறியதிலிருந்து இறங்கும்வரை யாரும் பேசக் கூடாது. முன்னால் போகிறவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

பேச்சு நின்றதும் காது திறந்துகொள்கிறது. மரத்துக்கு மரம் நத்தைகுத்தி நாரைகள் அலகைத் தட்டும் சத்தம், கொட்டாங்கச்சியைத் தட்டுவதுபோல் வரும். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். போன மாதம் ஒரு நாரை, வெயில் ஏறியதும் கூட்டின் மேல் நின்று, இறக்கையைப் பாதி விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்தது. குஞ்சுகள் நகர நகர அதுவும் நகர்ந்து நின்றது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சென்ற ஞாயிறு ஒரு வேனில் வந்தவர்கள் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டே கரை ஏறினார்கள். மரங்களில் இருந்த பறவைகள் மொத்தமாக எழுந்துவிட்டன. குஞ்சுகள் வெயிலில் கிடந்தன. காக்கை ஒன்று கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தது. தாய் திரும்பி வரும்வரை எனக்கு மனசு ஆறவில்லை.

அரசு இதைச் சரணாலயமாக அறிவித்தது 1977-இல். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறவர்கள் ஊர்க்காரர்கள்தான். இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட அங்கே வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள் ஆசையை அடக்கிக்கொண்டு இருக்கிற ஊர் அது. வெளியூரிலிருந்து வரும் நாம் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொள்ளக் கூடாதா?

குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடி புறப்படும்போது நானும் கூட நடந்திருக்கிறேன். அங்கே ‘அரோகரா’தான் காலுக்குப் பலம். கண்மாய்க் கரை அப்படியில்லை.

யாரையும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்பீக்கரை வண்டியிலேயே வைத்துவிட்டு, பத்துப் பத்துப் பேராகக் கரை ஏறட்டும். வனத்துறையினர் இதை வாசலிலேயே சொல்லி அனுப்பினால் நல்லது. பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆசிரியர்கள் வேனில் வரும்போதே சொல்லிவிடலாம். கரையில் வந்து “சும்மா இரு” என்று அதட்டினால் அதுவே பெரிய சத்தமாகிவிடும்.

வரும் ஞாயிறும் போகிறோம். சேர்ந்து நடக்க விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம். பார்த்தால் கையைக் காட்டுங்கள், போதும். வணக்கமெல்லாம் கரையை விட்டு இறங்கியபிறகு சொல்லிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
காரைக்குடி